அந்தியில் வருகிறவள்

இப்படியும் நடக்குமா என்று கேட்கிறவர்கள் எங்கள் முடுக்குப் பக்கம் வரவே வேண்டாம், ஏனென்றால் நடந்ததை நம்பச் சொல்லி நாங்கள் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, நாங்களே எதையும் லேசில் நம்புகிறவர்கள் இல்லை, மீன்காரி கூடையை இறக்கினால் செவுளைத் தூக்கிப் பார்த்து, கண்ணை அமுக்கிப் பார்த்து, மோந்து பார்த்து, அதற்குப் பிறகும் அவள் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் விலை கேட்போம். அப்படிப்பட்ட எங்கள் மீரான்துறைக்குத்தான், அடைமழை விட்ட ஓர் அந்தியில், மஃரிபு பாங்கு சொல்லி முடித்த கையோடு, ஒரு வாசனை வந்தது.

வந்தது என்றால் காற்றில் மிதந்து வந்தது என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. காற்றில் வருகிற வாசனை வாசலைப் பார்க்காது, சுவரேறி வரும், அடுப்படி ஜன்னல் வழியே வரும், கேட்காமல் வந்து சொல்லாமல் போகும். இது நடந்து வந்தது. கடற்கரைப் பக்கமிருந்து தெருவுக்குள் நுழைந்து, ஒவ்வொரு வீட்டின் முன்வாசலிலும், உள்ளே ஆளிருக்கிறதா என்று கேட்கிற நேரம் மட்டும் நின்று, பதில் கிடைக்காததுபோல நகர்ந்து, அடுத்த வீட்டு முன்வாசலில் நின்று, மறுபடி நகர்ந்து, தெருக்கோடியில் அசனா லெப்பையின் வீட்டுக்கு வந்ததும் படியேறி உள்ளே போய், கூடத்தில் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தது. இஷா தொழுகைக்குப் பாங்கு சொல்லும் வரை இருந்தது. சோறு பரிமாறப் போகிறார்கள் என்று தெரிந்ததும், வந்த வீட்டில் தொந்தரவு கொடுக்க விரும்பாதவள்போல எழுந்து போய்விட்டது.

முதல் மூச்சில் பூ. அதுவும் பகலில் பறித்த பூ இல்லை, இருட்டின பிறகு பறித்து, பறித்தவளே எங்கோ வைத்து மறந்துவிட்ட பூ. சம்பங்கியா என்று கேட்டால் ஆமாம் என்னும், மனோரஞ்சிதமா என்று கேட்டால் அதற்கும் ஆமாம் என்னும், இரண்டாவது மூச்சில் இரண்டுமில்லை என்று கையை விரித்துவிடும். பூவுக்கு அடியில் வெல்லம் தீய்ந்த வாடை, அதற்கு அடியில் நனைந்து காய்ந்த அகில் கட்டை, அதற்கும் அடியில் எங்களுக்குத் தெரிந்த ஏதோ ஒன்று, தெரியும் என்று மட்டும் தெரிந்து இன்னதென்று சொல்ல வராத ஒன்று. முடுக்கில் எல்லோருக்கும் மூத்தவளும் எதற்கும் முதலில் பேர் வைக்கிறவளுமான பல்கீஸ் லாத்தா அதைக் கறுப்பு வாசம் என்றாள். வாசத்துக்கு ஏது நிறம் என்று யாரும் கேட்கவில்லை, அது கறுப்பாகத்தான் இருந்தது.

எங்கள் ஊர் மூக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், பெருமைக்காக இல்லை, பெருமைக்காகவும்தான். எங்கள் ஆண்கள் தலைமுறை தலைமுறையாகக் கப்பலேறிப் போகிறவர்கள், போகிற இடத்திலிருந்து அத்தர் கொண்டு வருகிறவர்கள், கல்யாண வீட்டில் வருகிறவர் போகிறவர் எல்லோருடைய புறங்கையிலும் அத்தர் தடவி அனுப்புகிறவர்கள், அதனால் பால் மறக்காத பிள்ளைகூட இது ரோஜா, இது ஊது, இது கஸ்தூரி கலந்தது, இது கஸ்தூரி என்று சொல்லி ஏமாற்றியது என்று பிரித்துச் சொல்லிவிடும். எங்களால் பேர் சொல்ல முடியாத வாசனை அதுவரை ஊருக்குள் வந்ததில்லை. பேர் தெரியாத ஆளை வீட்டுக்குள் விடுவோமா? பேர் தெரியாத வாசனையையும் அப்படித்தான் பார்த்தோம்.

ஒரு வாரம் ஆவதற்குள் முடிவுக்கு வந்துவிட்டோம். அது ஒரு பெண். நடையைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் எங்கள் ஊர்ப் பெண் இல்லை, ஏனென்றால் எங்கள் ஊரில் வீட்டுக்கு இரண்டு வாசல், முன்வாசல் ஆண்கள் நடக்கிற தெருவுக்கு, பின்வாசல் முடுக்குக்கு, அதாவது இரண்டு வரிசை வீடுகளுக்கு நடுவே பெண்கள் மட்டும் நடமாடுகிற சந்துக்கு. எங்களில் யாரும் அந்தி நேரத்தில் முன்வாசல் வழியாக ஒரு வீட்டுக்குப் போகமாட்டோம். இவளுக்கோ பின்வாசல் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. அப்படியானால் வெளியூர்க்காரி. வெளியூர்க்காரி ஒருத்தி, இந்த ஊர் ஆம்பிளை ஒருத்தரைத் தேடி, கடற்கரைப் பக்கமிருந்து வருகிறாள் என்றால், இதற்கு மேல் பள்ளிவாசல் ஆலிம்சாவைக் கூப்பிட்டா விளக்கம் கேட்க வேண்டும்?

கல்யாணமான முதல் வருஷமே மாப்பிள்ளையைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டு, இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை வந்து இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போகிற மனிதரோடு வாழ்ந்தவர்கள் நாங்கள். அங்கே அவருக்கு யார் சோறு ஆக்குகிறார்கள், காய்ச்சல் வந்தால் நெற்றியில் யார் கை வைக்கிறார்கள் என்ற கேள்வியை நாங்கள் யாரிடமும் கேட்டதில்லை. ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொண்டதும் இல்லை. ஆனால் எல்லோருடைய வயிற்றிலும் அது இருந்தது, வாசனை வந்த பிறகு எல்லோருடைய முகத்திலும் இருந்தது.

"ஏ ஜொகரா, ஒம் மாப்ள பினாங்குல சும்மாவா இருந்தாக இத்தன வருசம்?" என்று பல்கீஸ் லாத்தா பின்வாசலில் அரிசி புடைத்துக்கொண்டே வாயைக் கிளறினாள்.

"சும்மா இருக்கவா லாத்தா கப்பலேறுனாக?" என்றாள் ஜொகரா.

"நான் கேட்டது அதில்ல."

"நீங்க கேட்டது எதுன்னு எனக்குத் தெரியும்."

ஜொகரா அசனா லெப்பையின் மனைவி. எங்களில் உயரமானவள், சிரித்தால் முடுக்கின் அந்தக் கோடி வரை கேட்கும், ஆனால் அடிக்கடி சிரிக்கிறவள் இல்லை. இரண்டு மகன்களையும் வளர்த்து, அவர்களையும் கப்பலேற்றியாகிவிட்டது. அசனா லெப்பை பினாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வாழ்நாளெல்லாம் நின்றுவிட்டு, இனி போகப்போவதில்லை என்று ஒரு பெட்டியோடும் முழங்கால் வலியோடும் வந்து சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. அதிகம் பேசமாட்டார். பேசாத மனிதரைப் பற்றி எதையும் சொல்லலாம் என்பதால் நாங்கள் எல்லாவற்றையும் சொன்னோம்.

ஆதாரம் இல்லாமலும் சொல்லவில்லை. தின்ற தட்டைத் தானே கழுவி வைக்கிறார், யார் பழக்கினது? சட்டையை மடித்தால் கடையில் வாங்கின மாதிரி மடிக்கிறார், எந்தப் பொம்பளை சொல்லிக் கொடுத்தாள்? சாயங்காலமானால் தானே அடுப்படிக்குப் போய் இரண்டு கிளாஸ் தேயிலை போட்டுக்கொண்டு வந்து, ஒன்றைத் தான் குடித்துவிட்டு, இன்னொன்றைப் பக்கத்து நாற்காலி ஓரம் வைத்துவிடுகிறார், அது யாருக்கு? கட்டில் அவ்வளவு பெரிதாக இருக்க, சுவரோரம் ஒட்டிக்கொண்டு கைக்குழந்தைக்கு இடம் விட்டதுபோலப் படுக்கிறார், மிச்ச இடம் யாருக்கு? இதையெல்லாம் நாங்கள் கண்டுபிடித்துச் சொன்னது இல்லை, ஜொகராவே ஒவ்வொன்றாக மென்று விழுங்கிச் சொன்னதுதான். சொல்லிவிட்டு, நாங்கள் இல்லை என்று மறுப்போமா என்று பார்த்தாள். நாங்கள் மறுக்கவில்லை.

ஆண்களின் நிலைமை இதைவிட மோசம். கப்பலேறிய ஒவ்வொருவருக்கும், அசனா லெப்பை வீட்டுக்குப் போகிற வழியில் தன் வீட்டு வாசலில் அது ஏன் நிற்கிறது என்ற பயம் வந்துவிட்டது. ஒரு தொழுகைக்கும் வராதவர்கள் ஐந்து வேளையும் முன்வரிசையில் நின்றார்கள். ஓர் அந்தியில், மலாயாவில் இருந்துவிட்டு வந்த செய்யது காக்கா வீட்டுப் படியில் ஆடு ஒன்று குறுக்கே படுத்திருக்க, வாசனை அது எழுந்திருக்கும் வரை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக நின்றுவிட்டது. செய்யது காக்கா நேராக அடுப்படிக்குப் போய்ப் பொண்டாட்டி முன்னால் உட்கார்ந்து, "ஈப்போவுல ஒருத்தி இருந்தா, ரெண்டு புள்ளைங்க, அவ மவுத்தாயிட்டா, செத்தவ இப்பத் தேடி வந்துட்டா" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். அவள் சட்டியில் இருந்த மீனைத் திருப்பிப் போட்டாள், மறுபக்கமும் வேகும் வரை பொறுத்திருந்தாள், சட்டியை இறக்கி வைத்தாள், அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தாள். அன்று அந்த வீட்டில் பறக்காமல் தப்பித்தது ஆட்டுக்கல் மட்டும்தான். ஆடு எழுந்ததும் வாசனை எப்போதும்போல அசனா லெப்பை வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

கடைசியில் ஆலிம்சாவிடமும் போனோம். அவர் கிதாபுகளைப் புரட்டினார், தாடியைத் தடவினார், "அது வந்து சலாம் சொல்லாத வரைக்கும் பதில் சலாம் நம்ம மேல கடமையில்ல, அது யாருக்கும் கெடுதல் செய்யாத வரைக்கும் வெரட்டுறதுக்கும் ஆதாரம் இல்ல, எல்லாரும் சும்மா இருங்க" என்றார்.

எங்களைப் பார்த்துச் சும்மா இருங்கள் என்கிறார். சாம்பிராணி போட்டோம், புகை அடங்கும் வரை வாசலில் பொறுமையாக நின்றுவிட்டு உள்ளே வந்தது. படியில் பினாயில் ஊற்றினோம், சேலைக் கரையைத் தூக்கிக்கொண்டு தாண்டுகிறவள்போலத் தாண்டி வந்தது. முன்கதவைத் தாழ்போட்டோம், அன்று அது வெளியிலேயே நின்றது, தெரு முழுவதும் கனத்துப்போய் எதிர்வீட்டுக்காரர்கள் தலையைப் பிடித்துக்கொண்டு வந்து, திறந்து விட்டுருங்கம்மா, புண்ணியமாப் போகும் என்றார்கள். ஏசினால் ஒன்றும் சொல்லாமல் அடுத்த நாற்காலிக்கு மாறி உட்காரும். நல்ல வாசம்தான் என்று யாராவது வாய் தவறிச் சொன்னால் கொஞ்சம் நெருங்கி வரும். இப்படி ஒரு குணத்தோடு எத்தனை நாள் சண்டை போட முடியும்?

அதனால் மெல்ல மெல்லப் பழகிவிட்டோம். வாசம் வந்துட்டு, உலை வையி என்று சொல்ல ஆரம்பித்தோம். தெருவில் விளையாடுகிற பிள்ளைகள் அது வரும்போது பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு வழிவிட்டு நின்றன. தேநீர்க்கடைக்காரர் அதற்கு இடைஞ்சலாக இருக்கும் என்று பெஞ்சை உள்ளே தள்ளிப் போட்டார். பஞ்சில் பிடித்து விற்கலாம் என்று ஒருவர் தெருவில் பஞ்சோடு அலைந்து, பஞ்சோடே திரும்பி வந்தார். அசலூரிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் இந்தத் தெருவுக்கு என்ன தெளிக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுச் சம்மதம் சொல்லிப் போனார்கள். இதைப் பார்த்து, மகள் கல்யாணத்தை வைத்திருந்த ஒருத்தி, "ஜொகரா, அன்னைக்கு ஒரு நா மட்டும் எங்க ஊட்டுக்கு வரச் சொல்லேன்" என்று வெட்கமில்லாமல் கேட்டாள். சக்களத்தியை இரவல் கேட்கிறார்கள். ஜொகரா அவளைப் பார்த்த பார்வையில் கேட்டவள் ஒரு மாதம் அந்தப் பக்கம் வரவில்லை.

நாங்கள் பழகிவிட்டோம், ஜொகரா எப்படிப் பழகுவாள்? பதினாறு வயதிலிருந்து ஒரு மனிதருக்காகக் காத்திருந்தவள். அந்தக் காத்திருப்புதான் அவளிடம் இருந்த ஒரே சொத்து, அதைத்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தி தினம் அந்தியில் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அங்கே ஒருத்தி இருந்திருந்தால் இங்கே இவள் இருந்ததற்கு என்ன அர்த்தம்? ஒரு முடிவு தெரிந்தாக வேண்டும். எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான், அவள் வாப்பா அவளுக்குக் கட்டிக் கொடுத்தது, அவள் ஒரு வார்த்தை சொன்னால் அசனா லெப்பை தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பள்ளிவாசலில் வழிப்போக்கர்கள் தங்குகிற அறைக்குப் போக வேண்டியதுதான். அந்த வயதில், அந்த முழங்காலோடு, அங்கே போனவர் திரும்பி வந்ததாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை.

ஒரு சாயங்காலம் அவர் இரண்டு கிளாஸோடு வந்து உட்கார்ந்தபோது அவள் கேட்டேவிட்டாள். நாங்கள் பின்வாசல் கதவுக்கு அந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம்.

"அவ யாரு?"

"யாரு?"

"தெனம் வந்து ஒங்க பக்கத்துல ஒக்காருறாளே, அவ."

"எனக்குத் தெரியாது ஜொகரா."

"ஒங்களுக்குத் தெரியாமத்தான் ஊருல அம்புட்டு ஊட்டையும் விட்டுட்டு இங்க வந்து ஒக்காருறாளா? கட்டில்ல ஓரமாப் படுக்கிறீங்களே, மிச்ச எடம் யாருக்கு?"

அவர் தன் கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு, "அங்க ஒரு ரூமுக்குள்ள பத்துப் பன்னண்டு பேரு படுப்போம். எனக்குச் செவத்தோரம். நடுவுல கை கால நீட்டிப் படுத்தா இப்பத் தூக்கம் வரமாட்டேங்குது" என்றார்.

"இந்தத் தேயில?"

"அது ஒனக்குத்தான். வந்த நாள்லேருந்து வைக்கிறேன். நீ எடுக்க மாட்டேங்குற."

நியாயமாகத்தான் இருந்தது. நியாயமாக இருந்ததாலேயே எங்களுக்குச் சந்தேகம் கூடியது, இவ்வளவு சரியான பதிலை ஒரு மனிதர் எத்தனை நாள் யோசித்து வைத்திருப்பார்? ஜொகராவுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். "வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிருங்க. இல்லாட்டி பொட்டியக் கட்டிருங்க. ஒரு ஊட்டுல நான் இருக்கணும், இல்ல அவ இருக்கணும்" என்றாள். அவர் சரி என்றார். எதற்குச் சரி என்று கேட்க நாங்கள் உள்ளே போக முடியாதே.

வியாழக்கிழமை வந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, மஃரிபுக்குப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். வாசனை வழக்கம்போல வீடு வீடாக நின்று, நகர்ந்து, படியேறி, நாற்காலியில் வந்து உட்கார்ந்தது. ஜொகரா தலையில் முக்காட்டைச் சரியாகப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். மனிதரிடம் பேசுகிறதைப்போலத்தான் பேசினாள்.

"நான் ஒன்ன ஏச மாட்டேன். ஏசுற காலம் போயிட்டு. ஒன்னே ஒன்னு சொல்லு. அவகளத் தேடித்தான வந்தே?"

வாசனை எழுந்தது. இஷாவுக்கு முன்னால் அது எழுந்து நாங்கள் பார்த்ததில்லை. ஆனால் வாசலுக்குப் போகவில்லை, ஜொகராவின் தோளை உரசிக்கொண்டு, வெளி ஆண்கள் தாண்டாத நடுக்கதவைத் தாண்டி, உள்ளறைக்குள் போய், அவளுடைய இரும்பு பீரோவின் முன்னால் நின்றது. நின்று அப்படிக் கனத்தது, முடுக்கில் நின்ற எங்களுக்கு மூச்சு முட்டியது. இதற்கு மேல் பின்வாசலில் நிற்பது மனுஷத்தனமா? எல்லோரும் உள்ளே ஓடினோம்.

"அதுக்குள்ளதான் ஒளிச்சு வெச்சிருக்காக, அவ படமோ, கொடுத்த சாமானோ!" என்றாள் பல்கீஸ் லாத்தா. அந்த பீரோ சாவி கல்யாணமான நாளிலிருந்து ஜொகராவின் இடுப்பை விட்டு இறங்கியதில்லை என்பது அந்த நேரத்தில் எங்களில் ஒருத்திக்கும் நினைவு வரவில்லை. ஜொகராவுக்கே வரவில்லை. இடுப்பிலிருந்த சாவியை உருவி, அவளே திறந்து, திருடனின் பெட்டியைக் குடைவதுபோலத் தன் பீரோவைக் குடைந்தாள். சேலைகள், மகன்களின் பள்ளிக்கூடச் சட்டைகள், மேல்தட்டு, நடுத்தட்டு, கடைசியில் அடித்தட்டின் மூலையில் பச்சைப் பட்டுத் துணியில் சுற்றிய ஒரு மூட்டை. அவிழ்த்தாள். அத்தர் குப்பிகள்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும், முதலிலேயே சொல்லாததற்குக் காரணம் அது ஒரு வழக்கம் என்றே எங்களுக்குத் தோன்றியதில்லை. மாப்பிள்ளை கடல் கடந்து இருக்கும்போது பொண்டாட்டி அத்தர் பூசமாட்டாள். யார் சொன்னது, எந்தக் கிதாபில் இருக்கிறது என்று கேட்கக் கூடாது, பூசமாட்டாள், அவ்வளவுதான், பூசினால் யாருக்காக என்று முடுக்கு கேட்கும். அவர் வருகிறபோது எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு குப்பி அத்தரை நீட்டுவார், அரக்கு வைத்து மூடினது, அங்கே கடையில் நின்று இவளை நினைத்து வாங்கினது. வந்த மாதத்தில் வீடு நிறைய விருந்தாளிகள், மாமி மதினிகள், பிள்ளைகளுக்குக் காய்ச்சல், ஆக்கிப் போட்ட கையில் வெங்காய வாடை, இன்றைக்குப் பூசலாம், நாளைக்குப் பூசலாம் என்பதற்குள் பெட்டி கட்டியாகிவிடும். அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று குப்பி பீரோவுக்குள் போகும். அடுத்த தடவை இன்னொரு குப்பி வரும். ஒரேயடியாக வந்து சேர்ந்த பிறகு எல்லாவற்றையும் எடுத்து ஆசை தீரப் பூசலாம் என்று நினைத்துக்கொள்வோம். ஒரேயடியாக வந்து சேரும்போது தலை நரைத்திருக்கும், மருமகள்கள் பார்த்துச் சிரிப்பார்களே என்று கை பீரோப் பக்கம் போகாது.

ஜொகரா குப்பிகளை ஒவ்வொன்றாக விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அரக்கு உடையவில்லை. மூடி அசையவில்லை. எதிலும் ஒரு சொட்டு இல்லை.

எந்த அத்தரையும் ஒரே மூச்சில் பேர் சொல்லிவிடுகிற எங்கள் மூக்குக்கு, எங்கள் வீட்டு அத்தர் தெரியாமல் போயிருக்கிறது, பூசிப் பார்த்திருந்தால்தானே தெரியும்! இருட்டில் கிடந்து கிடந்து முற்றிப்போய், கறுத்துப்போய், இனி யாரும் திறக்கப்போவதில்லை என்று தெரிந்ததும், அதுவே புறப்பட்டுத் தனக்கு உரியவளைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறது. ஆண்களின் பெட்டிக்குள் இருந்து முன்வாசல் வழியாக வந்த சாமான், அதனால்தான் அதற்கு முன்வாசலைத் தவிர வேறு வழி தெரியவில்லை. அசனா லெப்பை தேயிலை வைத்துக் காத்திருந்த நாற்காலி ஒன்றுதான் தெருவில் ஒரு பொண்டாட்டிக்கென்று காலியாகக் கிடந்தது, அதனால் அங்கே வந்து உட்கார்ந்தது. நாங்கள் சாம்பிராணி போட்டது எங்களுக்கே, பினாயில் ஊற்றியதும் எங்களுக்கே. எங்களுக்குத் துக்கத்தைவிட வெட்கம்தான் அதிகமாக வந்தது.

முதலில் ஓடியது பல்கீஸ் லாத்தாதான். அப்புறம் ஆளுக்கு ஒரு பக்கம் ஓடினோம். முடுக்கு முழுவதும் பீரோக்கள் திறக்கிற சத்தம், பெட்டிகள் இழுக்கிற சத்தம். எல்லா வீட்டிலும் அரக்கு உடையாத குப்பிகள், எல்லாம் காலி. செய்யது காக்காவின் பொண்டாட்டி ஒருத்தி மட்டும் குப்பியைச் சுவரில் எறிந்து உடைத்தாள்.

மறுநாள் ஜும்ஆ முடிந்ததும் ஆண்களுக்குத் தலைகால் புரியவில்லை. தங்கள் மேல் குற்றமில்லை என்று ஆகிவிட்டதாம், பள்ளிவாசல் மைதானத்தில் ஆடு அறுத்து நெய்ச்சோறு ஆக்கி, ஒருவர் தோளில் ஒருவர் தட்டிச் சாப்பிட்டார்கள். செய்யது காக்கா மட்டும் கையைப் பிசைந்துகொண்டு, "கொஞ்சம் பொறுத்திருக்கலாமே" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஏப்பம் விட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தவர்களின் முகம் வாசலிலேயே மாறிவிட்டது. வாசனை இனித் தெருவில் நடக்கத் தேவையில்லாமல் எங்கள் மேலேயே குடியேறியிருந்தது, கழுத்தில், மணிக்கட்டில், முந்தானையில், சோப்புப் போட்டாலும் போகாமல் அந்தக் கறுப்புப் பூ வீட்டுக்கு வீடு நடமாடியது. இவ்வளவு நாளும் இதை யாருக்காகச் சேர்த்து வைத்திருந்தாள் என்று அவர்கள் கண்ணில் ஒரு கேள்வி வந்ததை நாங்கள் பார்த்தோம். பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தோம், அவர்களும் கொஞ்ச நாள் அதை வயிற்றில் வைத்துக்கொண்டு பார்க்கட்டும்.

அசனா லெப்பை நெய்ச்சோற்றுக்குப் போகவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் பெட்டி கட்டச் சொன்னாள், கட்டியிருந்தார், அதைக் காலடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அந்தி இறங்கியதும் ஜொகரா உள்ளேயிருந்து வந்தாள். வரும்போதே கூடம் கறுத்துக் கனத்தது. குனிந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளறையில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அவர் அந்த வாசனையை இழுத்து மூச்சு விட்டார். அழுதிருந்தார் என்று குரலில் தெரிந்தது.

"வல்லாஹி, அங்க ஒருத்தியும் இல்ல ஜொகரா. இத்தன வருசத்துல ஒரு நா ஒரு பொழுதுகூட இல்ல. இப்பவாச்சும் நம்புறியா?"

ஜொகரா அவரைப் பார்த்தாள். நம்பினாள், முழுதாக நம்பினாள், கதவிடுக்கில் நின்ற எங்களுக்கு அவள் முகத்தைப் பார்க்க மனம் தாங்கவில்லை.

"நம்புறேன்" என்றாள். "ஒருத்தி இருந்திருக்கலாம். நம்ம ரெண்டு பேர்ல நீங்களாச்சும் வாழ்ந்திருப்பீங்க."